கட்டைவிரலில் நசுங்கிய மாத்திரை



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று நம் சங்கச் செயலாளர் மூன்று தடவை ஹாஸ்டலுக்கு வந்துவிட்டார். கவிதை எழுத எனக்கு வராது. காதல் கவிதை எழுத நம்ம சிவில் பிரிவு நண்பர்களே போதும். அதனால் இன்பிளான்ட் டிரெய்னிங்கில் நான் வாங்கிய ஒரு பாடத்தையும், அந்தப் பாடத்தை நூறு வருஷத்துக்கு முன்பே படித்து முடித்த ஒரு மனிதரையும் பற்றி எழுதுகிறேன். மெக்கானிக்கல் நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். இதில் சுழலும் சட்டியும் உண்டு, சுத்தியலும் உண்டு!

முதலில் என் கதை. டிரெய்னிங்கில் என்னைப் போட்ட இடம் ஒரு மாத்திரைக் கம்பெனியின் கோட்டிங் பிரிவு. நம் ஊர் மிட்டாய்க் கடையில் சீரக மிட்டாய் உருட்டுவார்களே, அதே மாதிரி ஒரு பெரிய சட்டி, சாய்வாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே மாத்திரைகள் உருளும். முதலில் ஈரம் உள்ளே போகாமல் இருக்க ஷெல்லாக் என்னும் அரக்குக் கரைசலை ஊற்றுவார்கள். அதன்மேல் பாகும் பொடியும் மாறி மாறி. பிறகு நிறம். கடைசியில் மெழுகுப் பளபளப்பு.

சோதனைக்கென்று ஒரு சின்ன சட்டியை என்னிடம் விட்டார்கள். நான் அவசரக்காரன். முதல் பாகு காயும் முன்பே இரண்டாவதை ஊற்றினேன். மாத்திரைகள் ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொண்டன. பயந்து போய் சூடான காற்றைக் கூட்டினேன். ஊற்றிய பாகு பரவுவதற்குள் காய்ந்துவிட்டது. மேல்பரப்பு ஆரஞ்சுத் தோல் போல மேடும் பள்ளமும் ஆனது. ஒட்டியவை பிரிந்த இடத்தில் எல்லாம் தோல் உரிந்த மாதிரி தழும்பு. இதை மறைக்க எனக்குத் தோன்றிய வழி, மேலே இன்னும் இரண்டு கோட்டு அரக்கு அடித்து, நிறத்தைப் பூசிவிடுவது!

சூப்பர்வைசர் சார் திட்டவில்லை. என் யோசனைப்படியே கொஞ்சம் மாத்திரைக்குச் செய்யச் சொன்னார். பார்க்க அழகாகத்தான் வந்தது. அதில் ஆறு மாத்திரையை எடுத்து, 37 டிகிரி தண்ணீரில் மேலும் கீழும் போய் வரும் கூடையில் போடச் சொன்னார். சர்க்கரைப் பூச்சு மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் கரைந்து உடைய வேண்டும் என்பது விதி. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மூன்று மாத்திரை கூழாங்கல் மாதிரி அப்படியே கிடந்தது. வயிற்று வலியோடு இருக்கும் ஒருவர் காசு கொடுத்து வாங்கும் மாத்திரை இது என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு லைப்ரரியில் தேடியபோதுதான் டாக்டர் வில்லியம் அப்ஜான் அகப்பட்டார்.

வில்லியம் எராஸ்டஸ் அப்ஜான் 1853இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ரிச்லாண்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். அப்பா யூரையா அப்ஜானும் ஒரு டாக்டர்தான். வில்லியம் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1875இல் பட்டம் பெற்றார். ஹேஸ்டிங்ஸ் என்னும் ஊரில் பிராக்டீஸ் செய்தார்.

அந்தக் காலத்து மாத்திரை எப்படி இருக்கும் தெரியுமா? மருந்துப் பொடியைப் பிசினோ பாகோ சேர்த்துச் சப்பாத்தி மாவு போலப் பிசைவார்கள். அதைக் கயிறு போல உருட்டி, துண்டு போட்டு, மறுபடி உருண்டையாக்கிக் காயவைப்பார்கள். கசப்பு தெரியாமலிருக்க மேலே சர்க்கரையோ ஜெலட்டினோ பூசுவார்கள். பார்வைக்கு முத்து மாதிரி இருக்கும். ஆனால் கடையில் நாள்பட நாள்பட உள்ளே கல்லாக இறுகிவிடும். விழுங்கினால் போன வழியே முழுசாக வெளியே வந்துவிடும்! டாக்டர் எழுதிக் கொடுத்தது சரி, நோயாளி சாப்பிட்டதும் சரி, மருந்து மட்டும் வேலை செய்யாது.

இது டாக்டர் அப்ஜானை உறுத்தியது. பகலில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, மீதி நேரத்தில் வீட்டிலேயே சோதனை செய்யத் தொடங்கினார். மற்றவர்கள் பூச்சை அழகாக்குவது எப்படி என்று யோசித்தபோது, இவர் மாத்திரையை உருவாக்கும் வழியையே மாற்றினார். பிசைவது என்ற வேலையையே விட்டார். சுழலும் சட்டியில் சின்னச் சின்னத் துகள்களைப் போட்டு, பனி போல ஈரம் தெளித்து, மேலே மருந்துப் பொடியைத் தூவினார். மறுபடி ஈரம், மறுபடி பொடி. பனிக்கட்டி மழைக்கல் வளர்வது போல மாத்திரை அடுக்கடுக்காக வளர்ந்தது. அழுத்திப் பிசையாததால் அது இறுகவில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் பொடியாகிவிடும். 1885இல் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

கேட்க சுலபமாக இருக்கிறது இல்லையா? சட்டியைச் சுற்றிப் பார்த்தவனுக்குத்தான் கஷ்டம் தெரியும். ஈரம் ஒரு துளி கூடினால் ஒன்றோடொன்று ஒட்டும். குறைந்தால் பொடி பிடிக்காமல் உதிரும். ஓரிடத்தில் மட்டும் ஈரம் விழுந்தால் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. என் சின்ன சட்டியில் நான் தோற்றது இந்த இடத்தில்தான். அவர் இதையெல்லாம் கண்ணாலும் கையாலும் பழகித்தான் பிடித்திருக்க வேண்டும்.

1886இல் தம் சகோதரர்கள் ஹென்றி, ஜேம்ஸ், ஃபிரெடெரிக் ஆகியோருடன் கலமசூ நகரில் மாத்திரைக் கம்பெனி தொடங்கினார். கூடவே நின்ற ஹென்றி அடுத்த ஆண்டே இறந்துபோனார். துக்கத்தை விழுங்கிக்கொண்டு மற்றவர்கள் தொழிலை நடத்தினார்கள்.

விளம்பரம் செய்தாரே, அதுதான் ஜோர்! டாக்டர்களுக்கு ஒரு மரப்பலகையும், தம் மாத்திரையும், போட்டிக் கம்பெனி மாத்திரையும் அனுப்பி வைத்தார். போட்டி மாத்திரையைச் சுத்தியலால் அடித்தால் ஆணி மாதிரி பலகைக்குள் இறங்கும். இவருடையது விரலிலேயே நசுங்கும். மாத்திரையை நசுக்கும் கட்டைவிரல் படமே கம்பெனியின் அடையாளமாயிற்று.

ஆனாலும் இந்த வெற்றி நெடுநாள் நீடிக்கவில்லை. பொடியை எந்திரத்தில் அழுத்திச் செய்யும் மாத்திரை பெருகியது. வேகம் அதிகம், விலை குறைவு. நல்லதாக அழுத்தினால் தண்ணீரில் சீக்கிரம் உடையவும் செய்யும். சொந்தக் கண்டுபிடிப்பு என்று அவர் அதையே கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கம்பெனி வேறு சரக்குகளுக்கு மாறியது. 1908இல் ஃபீனோலாக்ஸ் என்ற இனிப்பான மலமிளக்கி வில்லை வந்து நன்றாக விற்றது. அதில் இருந்த மருந்து என்ன தெரியுமா? நாம் டைட்ரேஷனில் இரண்டு சொட்டு விட்டு இளஞ்சிவப்புக்குக் காத்திருப்போமே, அதே பீனால்ப்தலீன்! பாதுகாப்புச் சந்தேகத்தால் அமெரிக்கா 1999இல் அந்த வகை மருந்துகளில் அதை அனுமதிப்பதை நிறுத்திவிட்டது. கரைகிற மாத்திரை செய்வது ஒரு பாதி. உள்ளே இருக்கும் சரக்கு நல்லதா என்று பார்ப்பது மறு பாதி. அந்த மறு பாதிக்கான பரிசோதனைகள் அவர் காலத்தில் வளரவில்லை.

பணம் சேர்ந்த பின் ஊரை மறக்கவில்லை. 1918இல் கலமசூவில் புதிய நகராட்சி முறை வந்தபோது அதன் கீழ் முதல் மேயரானார். 1925இல் ஊர் நலனுக்கான அறக்கட்டளைக்கு முதல் பணம் போட்டார். பியோனி மலர்த் தோட்டம் வளர்ப்பது அவருக்குப் பெரிய ஆசை. பொருளாதார மந்தத்தில் ஊரார் வேலை இழந்து நின்றபோது, அவர்கள் பயிர் செய்து பிழைக்க நிலம் வாங்கி ஓர் அமைப்பை ஏற்படுத்தினார். அந்த 1932ஆம் ஆண்டு அக்டோபரிலேயே காலமானார். அந்த அமைப்பின் நிதியிலிருந்து 1945இல் பிறந்த வேலைவாய்ப்பு ஆராய்ச்சி நிலையம் அவர் பெயரில் கலமசூவில் இயங்குகிறது. கம்பெனியோ 1995இல் ஃபார்மசியாவோடு சேர்ந்து, 2003இல் ஃபைசருக்குள் போய்விட்டது.

இப்போது என் சட்டிக்கு வருகிறேன். சர்க்கரைப் பூச்சின் இடத்தைப் பெரும்பாலும் மெல்லிய ஃபிலிம் பூச்சு பிடித்துவிட்டது. 1954இல் அமெரிக்காவில் முதல் ஃபிலிம் பூச்சு மாத்திரை விற்பனைக்கு வந்தது. ஆனாலும் வியாதிகள் பழையவைதான். வைவாவில் கேட்டால் சொல்ல வசதியாகச் சுருக்கித் தருகிறேன். மாத்திரை ஒட்டினால் தெளிப்பைக் குறை, சட்டியின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டு. ஆரஞ்சுத் தோல் வந்தால் கரைசலை நீர்க்கச் செய், துளியைப் பொடியாக்கு, காற்றின் சூட்டை இறக்கு. பூச்சு வெடித்தால் நெகிழ்வு தரும் பொருளைச் சேர். ஓரம் உதிர்ந்தால் குற்றம் பூச்சில் இல்லை, உள்ளே இருக்கும் மாத்திரை பலவீனம். அதை முதலில் சரி செய்.

உதிர்வைச் சோதிக்க ஓர் உருளையில் மாத்திரையைப் போட்டு நிமிஷத்துக்கு 25 சுற்று வீதம் 100 சுற்று சுற்றுகிறோம். எடையில் 1 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. இந்தச் சோதனைக்குப் பெயர் ஃப்ரையபிலிட்டி. அப்ஜான் தம் மாத்திரைக்கு வைத்த பெயர் ஃப்ரையபிள் பில், அதாவது எளிதில் நொறுங்கும் மாத்திரை! அவர் பெருமையாகச் சொன்ன குணம் இன்று பரிசோதனையில் அளவோடு இருக்க வேண்டிய குறை. வேடிக்கைதான். யோசித்துப் பார்த்தால் முரண்பாடே இல்லை. டப்பாவில் உதிரக் கூடாது, வயிற்றில் உடையாமல் இருக்கவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் நம் தொழில்.

டிரெய்னிங் முடியும் முன் சூப்பர்வைசர் சாரிடம் மறுபடி ஒரு சட்டி கேட்டு வாங்கினேன். ஊற்றினேன், பரவ விட்டேன், காய விட்டேன், பிறகுதான் அடுத்தது. மதியச் சாப்பாட்டுக்குக் கூடப் போகவில்லை. கடைசியில் கூடையில் போட்ட ஆறும் நேரத்துக்குள் உடைந்தன. மேல்பரப்பு என்னவோ சுமார்தான். ஆனால் அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

நண்பர்களே, கான்கிரீட்டில் விரிசலைச் சிமென்ட் பால் பூசி மறைக்கலாம். வெல்டிங்கில் ஓட்டையைப் பெயின்ட் அடித்து மறைக்கலாம். இன்ஸ்பெக்‌ஷனும் சில சமயம் தாண்டிவிடும். டிப்ளமோ வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிற நாம், பூசும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவை கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிடுவோம்.

— மூன்றாம் ஆண்டு, கெமிக்கல் பிரிவு