அலெக்சாண்டர் ஹண்டர்

அலெக்சாண்டர் ஹண்டர் 19ஆம் நூற்றாண்டில் சென்னையில் பணியாற்றிய ஆங்கிலேய அரசின் மருத்துவர் ஆவார். சென்னைக் கலைப் பள்ளியையும் சென்னை ஒளிப்படக் கழகத்தையும் தோற்றுவித்தவர் இவரே.

கலைப் பள்ளி

1850இல் இவர் சொந்த முயற்சியில் தொடங்கிய பள்ளியை 1855இல் அரசு ஏற்றுக்கொண்டது. அதுவே இன்றைய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி ஆகும்.

ஒளிப்படக் கழகம்

பம்பாயில் 1854இலும் கல்கத்தாவில் 1856இலும் ஒளிப்படக் கழகங்கள் அமைந்தன. 1856இலேயே சென்னையிலும் ஹண்டர் ஒரு கழகத்தை நிறுவினார். அக்காலத்தில் ஒளிப்படம் எடுத்தவர்களுள் பெரும்பாலோர் பொழுதுபோக்காக அதைப் பயின்ற படை அலுவலர்களும் மருத்துவர்களும் ஆவர். கொலோடியன் பூசிய கண்ணாடித் தகட்டின் ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து உருத்துலக்க வேண்டும்; சென்னை வெப்பத்தில் அது விரைவில் உலர்ந்துவிடும். குளிர்நாட்டில் எழுதப்பட்ட கையேடுகள் இதற்கு முழுமையாக உதவவில்லை. எனவே ஒருவர் பட்டறிவால் கண்ட பக்குவம் மற்றவர்க்கும் தேவைப்பட்டது.

தாக்கம்

ஹண்டரின் பள்ளியில் ஒளிப்படக்கலையும் கற்பிக்கப்பட்டது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரரான லின்னேயஸ் டிரைப்பிடம் பயின்ற சி. அய்யாசாமி, பின்னர் அப்பள்ளியில் ஒளிப்படக்காரராகப் பணியாற்றினார். இவ்வாறு ஐரோப்பிய ஆர்வலரிடையே இருந்த நுட்பம் உள்ளூர்க் கலைஞர்களையும் சென்றடைந்தது.