கலர் சாயமே இல்லாத கலர் போட்டோ.. 100 வருஷம் தாண்டியும் மங்காதது எப்படி? யார் இந்த புரோகுடின்-கோர்ஸ்கி?

வீட்டில் இருக்கும் பழைய கலர் போட்டோ ஆல்பத்தைத் திறந்து பாருங்க. பல படங்கள் வெளுத்துப் போயிருக்கும், சிலது சிவப்பேறியிருக்கும். ஆனால் 1911-ல் எடுக்கப்பட்ட புகாரா அமீரின் படத்தில், அவர் போட்டிருக்கும் நீலப் பட்டு அங்கி இன்றைக்கும் பளிச்சென்று தெரிகிறது. எடுத்தவர் செர்ஜி புரோகுடின்-கோர்ஸ்கி.

யார் இவர்?

1863-ல் ரஷ்யாவில் பிறந்தவர். 1902-ல் ஜெர்மனி போய், அடால்ஃப் மீத்தேயிடம் கலர் போட்டோ நுட்பம் கற்றார். 1908-ல் எழுத்தாளர் டால்ஸ்டாயை கலரில் எடுத்த படம் அவருக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தது. ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலஸ், இருட்டறை வசதியுடன் ஒரு ரயில் பெட்டியே கொடுத்தார். 1909 முதல் 1915 வரை பேரரசைச் சுற்றி வந்து படமெடுத்தார்.

எப்படி எடுத்தார்?

ஒரே காட்சியை நீலம், பச்சை, சிவப்பு ஃபில்டர் போட்டு மூன்று முறை எடுப்பார். கண்ணாடித் தகட்டில் பதிவது மூன்றுமே கருப்பு வெள்ளைதான். அவற்றை அதே மூன்று நிற ஒளியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் காட்டினால் முழுக் கலர் வந்துவிடும். நடுவில் யாராவது அசைந்துவிட்டால், அந்த இடத்தில் வானவில் மாதிரி கோடு விழும்!

ஏன் மங்கவில்லை?

வழக்கமான கலர் பிரின்ட்டில் சியான், மெஜந்தா, மஞ்சள் என மூன்று சாயங்கள் இருக்கும். வெளிச்சம், சூடு, ஈரம் பட்டால் இவை சிதையும். மூன்றும் ஒரே வேகத்தில் மங்காது. அதனால்தான் சில படங்கள் சிவப்பாகின்றன. கோர்ஸ்கியின் தகட்டில் இருந்ததோ வெள்ளி. மங்குவதற்கு அதில் சாயமே இல்லை.

கடைசியில் என்ன ஆனது?

புரட்சிக்குப் பின் 1918-ல் நாட்டை விட்டு வெளியேறினார். தகடுகளில் ஒரு பகுதிதான் அவருடன் வந்தது. 1944-ல் பாரிஸில் இறந்தார். 1948-ல் அமெரிக்க காங்கிரஸ் நூலகம் அவர் குடும்பத்திடமிருந்து 1,902 நெகட்டிவ்களை வாங்கியது. 2000-க்குப் பிறகு அவை கம்ப்யூட்டரில் ஒன்றுசேர்க்கப்பட்டு, உலகமே பார்த்தது. அவர் படமெடுத்த பேரரசு இன்று இல்லை, நிறங்கள் இருக்கின்றன.

உங்க ஆல்பத்துக்கும் இதில் பாடம் இருக்கு. நெகட்டிவ் இருந்தால் தூக்கிப் போடாதீங்க. வெயில், ஈரம் படாமல் வையுங்க. மங்குவதற்குள் ஸ்கேன் செய்துடுங்க.