நடை தந்த மருத்துவர்

மக்கள் நிற்கவும் நடக்கவும் துணை செய்வது இடுப்பு மூட்டு. தொடையெலும்பின் பந்து போன்ற தலை, இடுப்பெலும்பின் கிண்ணம் போன்ற குழியில் பொருந்திச் சுழல்கின்றது. அத்தலைக்குச் செல்லும் குருதி தடைப்படின் எலும்பு சிறிது சிறிதாக இறந்துபடும். நோயைத் தொடக்கத்திலேயே அறிந்தால், எலும்பில் துளையிட்டு உள்ளழுத்தத்தைத் தணித்தும், பிறிதோர் எலும்புத் துண்டை வைத்து ஒட்டியும் தலையைக் காக்க முயல்வர். தலை நொறுங்கிவிட்டாலோ மூட்டையே மாற்றுதல் வேண்டும். அவ்வறுவை மருத்துவத்தை நிலைபெறச் செய்தவர் சர் ஜான் சார்ன்லி ஆவார்.

சார்ன்லி 1911ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பரி என்னும் ஊரில் பிறந்தார். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1935இல் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் படை மருத்துவராகப் பணியாற்றினார். பின்னர் ரைட்டிங்டன் மருத்துவமனையில் இடுப்பு மூட்டு ஆராய்ச்சியில் ஈடுபட்டார்.

அக்காலத்தில் செயற்கை மூட்டுப் பொருத்தப்பெற்ற ஒருவர் அசையுந்தோறும் அம்மூட்டுக் கிறீச்சிட்டது. உராய்வே குறையென உணர்ந்தார் சார்ன்லி. சிறிய எஃகுப் பந்தையும் வழுவழுப்பான டெஃப்லான் கிண்ணத்தையும் அமைத்து, பல் மருத்துவர் கையாண்ட பசையை ஒத்த பொருளால் எலும்பில் பொருத்தினார். படுத்த படுக்கையாயிருந்தோர் எழுந்து நடந்தனர், யாவரும் மகிழ்ந்தனர்.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சில ஆண்டுகளில் டெஃப்லான் தேய்ந்தது. அதன் துகள்கள் சுற்றியிருந்த தசையைப் புண்படுத்தின. ஏறத்தாழ முந்நூறு பேர்க்கு அம்மூட்டைப் பொருத்தியிருந்தார் அவர். எனினும் தோல்வியை மறைத்தாரல்லர். நோயுற்றோரை மீண்டும் அழைத்துப் பழுதுற்ற மூட்டுகளை அகற்றினார். அத்துகளின் தீமையை அறியத் தம் தொடையிலேயே அதனைச் செலுத்திக்கொண்டார்!

1962ஆம் ஆண்டு வணிகர் ஒருவர் பாலித்தீன் வகைப் பொருளொன்றைக் கொணர்ந்தார். சார்ன்லி அதனைப் பயனற்றதென ஒதுக்கினார். அவர்தம் உதவியாளர் ஹாரி கிரேவனோ, தேய்க்கும் பொறியில் இட்டுச் சோதித்தார். மூன்று வாரங்களில் அது தேய்ந்த அளவு, டெஃப்லான் ஒருநாளில் தேய்ந்த அளவினும் குறைவு. உதவியாளர் கண்ட உண்மையைச் சார்ன்லி உவந்து ஏற்றார். அவ்வாண்டு நவம்பர் திங்களிலேயே புதிய கிண்ணத்தை நோயாளிக்குப் பொருத்தினார். அறுவை அறையில் தூய காற்றைச் செலுத்திப் புண்ணில் நச்சுக் கிருமிகள் புகாவண்ணமும் காத்தார்.

1977இல் சர் பட்டம் பெற்ற அப்பெரியார் 1982இல் மறைந்தார். உலகெங்கும் எண்ணற்றோர் இன்று செயற்கை மூட்டுடன் நலமாக நடக்கின்றனர். பிழையை ஒப்புக்கொண்டு திருத்தும் நேர்மையும், இளையோர் கூறினும் உண்மையை ஏற்கும் பண்புமே அவ்வெற்றிக்கு அடிப்படை என்பதை மாணவர் உணர்தல் வேண்டும்.