மால்கம் எக்ஸ்: பேசப்படாத ஒரு பிள்ளைப் பருவம்

அநீதிக்கு எதிராக மேடைகளில் அஞ்சாமல் பேசியவர் மால்கம் எக்ஸ். ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் அவர் பல ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. அவர் மால்கமின் தாய்.

1925 மே 19 அன்று அமெரிக்காவின் ஒமாஹா நகரில் மால்கம் பிறந்தார். தந்தை ஏர்ல் லிட்டில் ஒரு கிறிஸ்தவப் போதகர். கறுப்பின மக்களின் தன்மானத்தை வலியுறுத்திய மார்கஸ் கார்வியின் இயக்கத்திலும் அவர் உழைத்தார். இதனால் இனவெறியர்களின் மிரட்டல் அந்தக் குடும்பத்தைத் துரத்திக்கொண்டே இருந்தது. 1929இல் மிச்சிகனில் அவர்களின் வீடு தீக்கிரையானபோது மால்கமுக்கு வயது 4. 1931இல் தந்தை டிராம் வண்டியின் சக்கரத்தில் சிக்கி இறந்தார். அதிகாரிகள் விபத்து என்றனர். குடும்பம் கொலை என்றே நம்பியது.

பொருளாதாரப் பெருமந்தக் காலம் அது. தாய் லூயிஸ் தனி ஆளாகப் பிள்ளைகளை வளர்த்தார். சில நாள்களில் காட்டுக்கீரையைப் பறித்து வேகவைத்ததுதான் உணவு. வறுமையும் தனிமையும் நலத்துறை அதிகாரிகளின் ஓயாத தலையீடும் அவரது மனத்தை உடைத்தன. 1939இல் கலமசூ அரசு மனநல மருத்துவமனையில் அவர் சேர்க்கப்பட்டார். பிள்ளைகள் சிதறினர். மால்கம் பிறர் பராமரிப்பில் வளர்ந்தார்.

பள்ளியில் அவர் சிறந்த மாணவர், வகுப்புத் தலைவரும்கூட. வழக்கறிஞராக விரும்புவதாகச் சொன்னபோது, கறுப்பினச் சிறுவனுக்கு அது எட்டாத கனவு என்றும் தச்சு வேலை பழகலாம் என்றும் ஆசிரியர் ஒருவர் அறிவுரை கூறினார். அன்றிலிருந்து அவரது மனம் படிப்பை விட்டு விலகியது. அடுத்து பாஸ்டன், ஹார்லெம், போதைப்பொருள், சூதாட்டம், திருட்டு. 1946இல் சிறை சென்றபோது வயது 20. இறைவனையே ஏசிய அவருக்குச் சக கைதிகள் வைத்த பெயர் சாத்தான்.

சிறையில் உடன்பிறந்தோரின் கடிதங்களும் நூல்களும் அவரை மாற்றத் தொடங்கின. 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' இயக்கத்தில் சேர்ந்து, 1952இல் விடுதலையானார். மது, போதை, சூது அனைத்தையும் விட்டார். ஒழுக்கமான புது மனிதராக உலகம் அவரைக் கண்டது. ஆனால் உள்ளே ஒரு கதவு மூடியே இருந்தது. அதே ஆண்டு தாயைப் பார்க்கச் சென்றபோது, அவருக்கு மகனை அடையாளம் தெரியவில்லை. அதன் பின் மால்கம் அங்கே செல்லவில்லை.

1963இல் அவரது வாழ்க்கை வரலாற்றை எழுத வந்த அலெக்ஸ் ஹேலியிடமும் முதலில் இயக்கத்தைப் பற்றியே பேசினார். ஓர் இரவு ஹேலி தாயைப் பற்றிக் கேட்டார். மால்கம் அறையில் நடந்தபடியே விடியும்வரை பேசினார். தாயைத் தம் நினைவிலிருந்தே ஒதுக்கி வைத்திருந்ததைப் பின்னர் ஹேலியிடம் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டில், சுமார் 24 ஆண்டுகளுக்குப் பிறகு, பிள்ளைகள் ஒன்றுகூடித் தாயை மருத்துவமனையிலிருந்து அழைத்து வந்தனர்.

1964இல் இயக்கத்தை விட்டு விலகி ஹஜ் செய்தார். பல நிறத்தவரும் ஒன்றாக உண்டு, உறங்கி, தொழுததைக் கண்டு, வெள்ளையர் அனைவரையும் வெறுத்த தம் பழைய கருத்தைக் கைவிட்டார். 1965 பிப்ரவரி 21 அன்று, 39 வயதில், சுட்டுக் கொல்லப்பட்டார்.

வீட்டில் வன்முறையும் மனநோயும் கண்டு வளரும் பிள்ளைகளுக்கு, பிற்காலத்தில் மனச்சோர்வும் போதைப் பழக்கமும் வரும் ஆபத்து அதிகம் என்பதை 1998இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஈமான் உறுதியாக இருந்தால் மனநோய் வராது என்று சொல்லி இத்தகைய காயங்களை நாம் மூடிவிடுகிறோம். மார்க்கப்பற்றும் கட்டுப்பாடும் மால்கமைத் தீமையிலிருந்து மீட்டன; ஆனாலும் தாயைப் பற்றிப் பேச, யாரோ ஒருவர் கேட்க வேண்டியிருந்தது.

நபி (ஸல்) அவர்களும் 6 வயதில் தாயை இழந்த அநாதைதான். ஆனால் பாட்டனாரும் பின்னர் பெரிய தந்தை அபூதாலிபும் அரவணைத்தார்கள். மால்கமின் வீட்டுக்கு வந்தவர்களோ கோப்புகளுடன் வந்த அதிகாரிகள். நம் ஜமாஅத்தில் தந்தையை இழந்த பிள்ளைகளுக்கு அரிசியும் கல்விக் கட்டணமும் கொடுக்கிறோம். அது அவசியம். அத்துடன் அருகில் அமர்ந்து, அவர்கள் மனத்தில் என்ன இருக்கிறது என்றும் கேட்போம். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.