தெருவில் பார்த்தே நோயைக் கண்ட பார்க்கின்சன்: இன்றைய விஆர் ஹெட்செட்டுக்கு என்ன சொல்லிவிட்டுப் போனார்?

வீட்டில் இருக்கும் நோயாளி தலையில் விர்ச்சுவல் ரியாலிட்டி, சுருக்கமாக விஆர் ஹெட்செட்டை மாட்டிக்கொள்கிறார். கண்முன் தெரியும் பந்தைப் பிடிக்கக் கையை நீட்டுகிறார். கை எவ்வளவு வேகமாகப் போனது, எங்கே நடுங்கியது என்பதெல்லாம் எண்களாகப் பதிவாகி, வேறு ஊரில் இருக்கும் மருத்துவருக்குப் போகிறது. அசைவுக் குறைபாட்டை இப்படித் தொலைவிலிருந்தே அளக்கும் ஆய்வுகள் இப்போது நடக்கின்றன.

டெக்னாலஜி புதுசுதான். ஆனால் தொடாமல், பார்த்தே கணிக்கும் முயற்சி 200 ஆண்டுகள் பழசு. அதைச் செய்தவர் ஜேம்ஸ் பார்க்கின்சன்.

யார் இவர்?

1755 ஏப்ரல் 11 அன்று லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் பிறந்தார். அப்பா ஜான், மருந்து கலந்து கொடுத்து வைத்தியமும் பார்த்தவர். மகனும் அதே தொழிலுக்கு வந்தார்.

வைத்தியத்தோடு நின்றுவிடவில்லை. 'ஓல்ட் ஹியூபர்ட்' என்ற புனைபெயரில் அரசை விமர்சித்துத் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். 1794-ல், மன்னர் மூன்றாம் ஜார்ஜை விஷ அம்பால் கொல்லச் சதி நடந்ததாகப் புகார் கிளம்பியபோது, அரசின் உயர் குழு முன்பு சாட்சி சொல்ல நேர்ந்தது. அவர் மீது வழக்கு ஏதும் இல்லை. பிறகு புதைபடிவங்கள் பக்கம் திரும்பினார். 1807-ல் லண்டனில் புவியியல் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

ஆறே பேர்

1817-ல், 62 வயதில், நடுக்குவாதம் பற்றி 66 பக்கத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் இருப்பது ஆறே பேரின் கதை. அதிலும் இரண்டு பேர் தெருவில் தற்செயலாகச் சந்தித்தவர்கள். ஒருவரைத் தூரத்தில் பார்த்ததோடு சரி!

அந்த ஒருவரால் மெதுவாக நடக்கவே முடியாது, ஓடத்தான் முடியும். உதவியாளர் எதிரே நின்று, தோள்களைப் பிடித்து, முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி நிலைப்படுத்துவார். பிறகு அவர் ஓடத் தொடங்கியதும், உதவியாளர் முன்னால் ஓடிப்போய், சுமார் இருபது எட்டில் விழாமல் தாங்கிக்கொள்வார்.

சும்மா இருக்கும் கையில் நடுக்கம், முன்னோக்கி வளையும் உடல், நடை ஓட்டமாக மாறுவது. இவை தனித்தனி கோளாறுகள் அல்ல, ஒரே நோயின் அடையாளங்கள் என்று சேர்த்துக் காட்டியதுதான் அவருடைய சாதனை.

எதைத் தவறவிட்டார்?

தசை இறுக்கத்தை. இந்த நோயின் முக்கிய அறிகுறிகளில் அதுவும் ஒன்று. ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது. மருத்துவர் நோயாளியின் கையைப் பிடித்து மடக்கி நீட்டினால்தான் புலப்படும். 1824 டிசம்பர் 21 அன்று பார்க்கின்சன் இறந்தார். பல ஆண்டுகள் கழித்து பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ழான் மார்ட்டின் ஷார்கோ தசை இறுக்கத்தையும் சேர்த்தார். நோய்க்குப் பார்க்கின்சன் பெயரைச் சூட்டியவரும் அவரே.

இன்றைக்கு என்ன பாடம்?

விஆர் ஹெட்செட்டுக்கும் அதே எல்லை உண்டு. நடுக்கம், வேகம், கை எட்டும் தூரம் ஆகியவற்றை அது மனிதக் கண்ணைவிட நுணுக்கமாக அளக்கும். ஊரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைய முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் தசை இறுக்கத்தைத் தொட்டுப் பார்க்க அதற்குக் கை கிடையாது. பின்னால் நின்று தோளை இழுத்து, நோயாளி சமாளிக்கிறாரா என்று பார்க்கும் சோதனையையும் தொலைவிலிருந்து செய்ய முடியாது.

அதனால் ஸ்கோர் நன்றாக வந்தாலும், நேரடிப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். இன்னொன்று: ஹெட்செட் மாட்டினால் எதிரே இருக்கும் நாற்காலிகூடத் தெரியாமல் போகலாம். லண்டனில் அன்று ஓடிவந்து தாங்கிய உதவியாளரைப் போல, இன்றும் பக்கத்தில் ஓர் ஆள் நின்றே ஆக வேண்டும்.