குழந்தைகளுக்குப் பாட்டுத் தந்த ஆசிரியர் கவிமணி



தைப்பொங்கலும் தீபாவளியும் நெருங்கும்போது நம் பள்ளிப் பிள்ளைகள் சிறு சிறு பாட்டுகளை மனனம் செய்து பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். நான்கு அடி அல்லது எட்டு அடி; எளிய சொல்; கைதட்டுக்கு இசைந்த ஓசை. இத்தகைய குழந்தைப் பாட்டுகள் தமிழ் வகுப்பறையில் இடம்பெற வழிகோலிய பெருமக்களுள் ஒருவர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை. அவரும் ஓர் ஆசிரியரே. அவர்தம் வாழ்க்கையை அறிவது நம் அனைவர்க்கும் நலம் பயக்கும்.

கவிமணி 1876ஆம் ஆண்டு சூலை 27ஆம் நாள், நாஞ்சில் நாட்டிலே தேரூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் சிவதாணுப் பிள்ளை. தாயார் ஆதிலட்சுமி அம்மையார். இளமையிலேயே தந்தையை இழந்த அவரை அன்னையார் பரிவுடன் வளர்த்தார்.

நாஞ்சில் நாடு அந்நாளில் திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. ஆகவே, வீட்டில் தமிழ் பேசிய அச்சிறுவர் பள்ளியில் மலையாளம் பயில வேண்டியதாயிற்று. அவருக்குத் தமிழைக் கற்பித்தவர், தேரூரில் இருந்த திருவாவடுதுறைக் கிளை மடத்தின் தலைவர் சாந்தலிங்கத் தம்பிரான் ஆவார். பள்ளி தராத தமிழை ஊரில் இருந்த ஒரு பெரியவர் தந்தார். அவர் மட்டும் அன்று மனம் வைத்திராவிடில், தமிழன்னை ஒரு பெருங்கவிஞரை இழந்திருப்பாள். மாணவர்களே, இதனை மறவாதீர்கள்.

கல்வி முடித்து ஆசிரியப் பயிற்சியும் பெற்ற அவர் கோட்டாற்றிலும், நாகர்கோவில் போதனா முறைப் பாடசாலையிலும், திருவனந்தபுரம் பெண்கள் கல்லூரியிலும் 36 ஆண்டுகள் பணியாற்றினார். கல்வெட்டுகளை ஆராய்ந்து காந்தளூர்ச்சாலை பற்றி எழுதினார். தம் சமுதாயத்தில் குடும்பங்களைச் சீரழித்த மருமக்கள் வழிச் சொத்துரிமையைச் சாடி, நகைச்சுவை ததும்ப ஒரு நூல் செய்தார்.

இத்துணைப் புலமை வாய்ந்தவர், மழலைகளுக்காகவும் மனமுவந்து பாடினார் என்பதே வியப்பு. பசுவும் கன்றும், காக்கையும் கிளியும் அவர் பாட்டில் துள்ளி விளையாடின. பிள்ளை தன் முற்றத்தில் காண்பதையே பாடினார். அகராதி தேட வேண்டிய சொல்லை விலக்கினார். தாய்மார் தாலாட்டிலும் பெண்டிர் கும்மியிலும் வழங்கிய ஓசையைத் தம் பாட்டில் ஏற்றார். அவருடைய பாடல்கள் 1938இல் மலரும் மாலையும் என்னும் தொகுதியாக வெளிவந்தன. 1940இல் சென்னையில் அவருக்குக் கவிமணி என்னும் பட்டம் வழங்கப்பெற்றது.

அவருக்கு மக்கட்பேறு இல்லை. ஆயினும் தமிழ் பேசும் வீடுதோறும் அவர் பாட்டைப் பாடும் பிள்ளைகள் பெருகினர். 1954ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் அவர் மறைந்தார். 2005இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டது.

அவர் வாழ்வு நம் வகுப்பறைக்கு என்ன கற்பிக்கின்றது? பெருநாள் பாட்டு குறுகியதாக இருத்தல் வேண்டும்; பிள்ளை கண்ணால் கண்டதைச் சொல்லுதல் வேண்டும். பொங்கலைப் பாடினால், பொங்கிவரும் பாலும், வாசலில் இட்ட கோலமும், கட்டிய கரும்பும் அதில் வருதல் நன்று. முதல் நாள் ஆசிரியர் பாடப் பிள்ளைகள் கேட்கட்டும். இரண்டாம் நாள் கைதட்டிச் சேர்ந்து பாடட்டும். மூன்றாம் நாள் கரும்பலகையில் எழுதிய பாட்டில் ஒவ்வொரு சொல்லாக அழித்துவர, பிள்ளைகள் நினைவிலிருந்தே நிரப்புவர். நான்காம் நாள் இறுதி அடியைத் தாமே புதிதாகக் கட்டுவர். கூச்சமுள்ள பிள்ளையும் பத்துப் பேரோடு பாடும்போது வாய் திறக்கும்.

நம் நாட்டில் விசாக நாளும் பொது விடுமுறையே. புத்தர் பெருமானின் வரலாற்றைக் கவிமணி ஆசிய ஜோதி என்னும் நூலாகத் தமிழில் பாடியுள்ளார். நொண்டி ஆட்டுக்குட்டியைப் பெருமான் சுமந்து சென்ற அருட்செயலை அதில் காணலாம். அக்கதையை வகுப்பில் சொல்லி, நான்கே அடியில் ஒரு பாட்டுக் கட்டச் செய்தால், அண்டை வீட்டாரின் பெருநாளையும் மதிக்கும் பண்பு வளரும்.

பெற்றோர்களே! விடிவதற்குள் பால்மரக் காட்டிற்கும் செம்பனைக் காட்டிற்கும் செல்லும் உங்களுக்குப் பிள்ளையின் புத்தகத்தைப் புரட்ட நேரம் வாய்ப்பதரிது. பாட்டுக்குப் புத்தகம் தேவையில்லை. எழுத்தறியாத பாட்டியும் அதைக் கேட்டு மகிழலாம். தாம் அறிந்த தாலாட்டையும் பேரப்பிள்ளைக்குச் சொல்லித் தரலாம். அப்பாட்டைப் பிள்ளை மறுநாள் பள்ளிக்குக் கொண்டுவந்தால் வகுப்பே செழிக்கும்.

ஜாசினிலும் அலோர் காஜாவிலும் பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டுப் பட்டணம் பெயர்ந்துவிட்டன. பிற மொழிகள் சூழ்ந்த தெருவில் வளரும் பிள்ளைக்குத் தமிழைத் தர, தேரூரில் ஒரு தம்பிரான் இருந்தது போல, வீட்டில் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். வரும் பெருநாளில் உங்கள் பிள்ளை பாட எழுந்து நின்றால், கைவேலையைச் சற்றே நிறுத்திச் செவி கொடுங்கள். அதுவே கவிமணிக்கு நாம் செய்யும் நன்றிக்கடன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் மாணவச் செல்வங்கள்!