றைன் நதிக்கரையில் ஒரு கன்னியர் மடம்: ஹில்டெகார்ட் அம்மையார் வரலாறு

கோடை விடுமுறையில் எமது மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு றைன் நதியோரமாகப் புகையிரதத்திலே பயணஞ் செய்தோம். நாஹே ஆறு றைன் நதியுடன் கலக்கும் பிங்கன் நகரில் இறங்கி, ஹில்டெகார்ட் அம்மையார் நிறுவிய ரூப்பர்ட்ஸ்பேர்க் கன்னியர் மடம் இருந்த இடம் இதுவே என்று காட்டினோம். மடம் எங்கே என்று ஒரு சிறுமி வினவினாள். நாம் புகையிரதப் பாதையைத்தான் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. அவளுக்குரிய விடை நீண்டது. அதனை இம்மலரில் எழுத முனைகின்றோம்.

1098 ஆம் ஆண்டு பிரபுக் குடும்பமொன்றிலே பத்தாவது பிள்ளையாகப் பிறந்தவர் ஹில்டெகார்ட். நோயால் மெலிந்த உடல். ஆயினும் பிறர் காணாத ஒளியைத் தாம் காண்பதாகச் சிறு வயதிலேயே உணர்ந்தவர். பெற்றோர் அவரை இறைபணிக்கென நேர்ந்துவிட்டனர். 1112 இல், பதினான்கு வயதளவில், ஜுட்டா என்னும் பெருமாட்டியுடன் டிசிபோடன்பேர்க் குன்றிலிருந்த ஆண் துறவியர் மடத்தை ஒட்டிய சிற்றறையிலே அடைக்கப்பட்டார். இத்தகைய வாழ்வு அக்காலத்தில் பெரும்பேறாகக் கருதப்பட்டது. இலத்தீன் வாசிப்பையும் திருப்பாடல்களையும் அங்குதான் கற்றார். 1136 இல் ஜுட்டா மறைய, அங்கு கூடியிருந்த கன்னியர் ஹில்டெகார்டைத் தம் தலைவியாகத் தெரிந்தனர்.

1141 இல் தாம் கண்ட காட்சிகளை எழுதத் தொடங்கினார். வொல்மார் என்னும் துறவி உடனிருந்து மொழிப்பிழை களைந்தார். ‘ஸ்கிவியாஸ்’ என்னும் அந்நூலை முடிக்கப் பத்து ஆண்டுகள் சென்றன. நூல் முற்றுப்பெறுமுன்னரே, ட்ரியர் நகரில் 1147-48 இல் நடந்த ஆயர் மாநாட்டில் அதன் ஒரு பகுதியைப் பாப்பரசர் மூன்றாம் யூஜீனியஸ் ஏற்றுக்கொண்டார். அம்மையாரின் பெயர் எங்கும் பரவியது.

புகழ் வந்தபின்னரே இடர் வந்தது. இடம் போதாமையால் தனி மடம் அமைத்துப் போக அவர் விரும்பினார். மடாதிபதி கூனோ இணங்கவில்லை. கன்னியர் கொணர்ந்த சொத்தும் அம்மையாரால் மடத்துக்குக் கிடைத்த பெருமையும் கைவிட்டுப்போவதை யார்தான் விரும்புவர்? அம்மையார் அசைவற்றுப் படுக்கையில் வீழ்ந்தார். மடாதிபதி தாமே வந்து அவர் தலையைத் தூக்க முயன்றும் இயலாமற்போக, அதன்பின் இசைந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1150 அளவில் ஏறக்குறைய இருபது கன்னியருடன் ரூப்பர்ட்ஸ்பேர்க் வந்து சேர்ந்தார். வசதியில் வளர்ந்த பெண்கள் வறுமை தாளாது முணுமுணுத்தனர். சிலர் விட்டுப் பிரிந்தனர். புது நிலத்திலே வீடு தொடங்குவோர் படும் பாடு எம்மவருக்குப் புதிதன்று. பழைய மடத்துடனான சொத்து வழக்குத் தீர 1158 ஆயிற்று.

பின்னர் அம்மடம் செழித்தது. வேலையறைகள் தோறும் குழாய்வழி நீர் வந்தது. கன்னியர் நூல்களைப் படியெடுத்தனர், ஆடை நெய்தனர், பாடினர். 70 இற்கும் மேற்பட்ட பாடல்களுக்கு அம்மையாரே இசையமைத்தார். நற்பண்புகள் பாத்திரங்களாகத் தோன்றும் இசைநாடகம் ஒன்றும் இயற்றினார். அதிலே எல்லோரும் பாடுவர். சாத்தான் மட்டும் பாடமாட்டான், கத்துவான். ஆயிரமளவான சொற்களைக் கொண்ட புதுமொழி ஒன்றையும் ஆக்கினார். எனினும் ஒன்றை மறைத்தல் தகாது: உயர்குடிப் பெண்களை மட்டுமே தம் மடத்தில் சேர்த்தார். இதனை அக்காலத்திலேயே வேறொரு மடத்துத் தலைவி கண்டித்து எழுதினார். அம்மையார் அளித்த மறுமொழி எம் மனத்துக்கு ஏற்புடையதன்று.

1175 ஆம் ஆண்டளவில் ‘ஸ்கிவியாஸ்’ நூலின் ஓவியப் பிரதி உருவாயிற்று. பொன்னும் வெள்ளியும் பூசிய 35 ஓவியங்கள் அதில் இருந்தன. ஒன்றிலே பேரண்டம் முட்டை வடிவினது. அதன் புறவிளிம்பிலே தீ சூழ்ந்திருக்கும். மற்றொன்றிலே அம்மையார் மெழுகுப் பலகையுடன் அமர்ந்திருக்க, தலைமேல் தீக்கொழுந்துகள் இறங்கும்; வொல்மார் அருகிலிருந்து எட்டிப் பார்ப்பார்.

1178 இல், எண்பது வயதில், கடுஞ்சோதனை வந்தது. திருச்சபையினின்று விலக்கப்பட்டிருந்த பிரபு ஒருவர் மடத்து நிலத்திலே அடக்கஞ் செய்யப்பட்டார். உடலைத் தோண்டி எடுத்து எறியுமாறு மைன்ஸ் நகரத் திருச்சபை அதிகாரிகள் கட்டளையிட்டனர். அவர் இறக்குமுன் பாவமன்னிப்புப் பெற்றுவிட்டார் என்பதை அறிந்திருந்த அம்மையார் மறுத்தார். கல்லறையின் அடையாளத்தையே அழித்துவிட்டார் என்பர். தண்டனையாக மடத்திலே பாடல் தடைசெய்யப்பட்டது. செபங்களைத் தணிந்த குரலில் வாசிக்க மட்டுமே அனுமதி. இசையை அடக்குதல் சாத்தானுக்கு உவப்பானது என்று வாதிட்டு அதிகாரிகளுக்கு நீண்ட மடல் வரைந்தார். கட்டளைக்கு அடங்கிப் பாடாதிருந்தார். உடலைத் தோண்ட மட்டும் இறுதிவரை இணங்கவில்லை. 1179 மார்ச் மாதம் தடை நீங்கியது. மீண்டும் பாடல் ஒலித்த மடத்திலே அவ்வாண்டு செப்டெம்பர் 17 இல் உயிர் நீத்தார்.

முப்பதாண்டுப் போரிலே, 1632 இல், சுவீடன் படையினர் ரூப்பர்ட்ஸ்பேர்க் மடத்தை அழித்தனர். எஞ்சிய இடிபாடுகளும் 1857 இல் புகையிரதப் பாதைக்காக வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. மடத்துக்கென 13 ஆம் நூற்றாண்டில் ஊதாப் பட்டிலே பொன்னிழையால் வேலைப்பாடு செய்த பீடத்துகில் இப்பொழுது பிரசெல்ஸ் அரும்பொருட்சாலையில் உள்ளது.

ஓவியப் பிரதி வீஸ்பாடன் நூலகத்தைச் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பாதுகாப்புக்காக ட்றெஸ்டன் நகருக்கு அனுப்பப்பட்டு, 1945 இல் காணாமற்போயிற்று. உடன் சென்ற, 15 கிலோ நிறையுள்ள மற்றொரு பெருஞ்சுவடி 1948 இல் திரும்பியது. பாடல்கள் அதில் உள்ளன. ஓவியப் பிரதி திரும்பவில்லை.

1165 இல் அம்மையார் றைன் நதிக்கு அப்பால் ஐபிங்கனில் இரண்டாவது மடம் ஒன்றை நிறுவியிருந்தார். வாரம் இருமுறை படகேறி அங்கே செல்வார். அவ்வூரில் 1904 இல் புதிதாய் எழுந்த மடத்துக் கன்னியர், 1927 முதல் 1933 வரை, மூலப் பிரதியை அருகில் வைத்து, தோல் ஏடுகளிலே எழுத்துக்கு எழுத்து, வண்ணத்துக்கு வண்ணம் படியெடுத்தார்கள். போர் வருமென்றோ மூலம் மறையுமென்றோ அவர்கள் அறியார். இன்று நூல்களிலே நாம் காணும் வண்ணப்படங்கள் அப்படியிலிருந்து பெறப்பட்டவை.

அன்று மாலை நாமும் படகேறி அக்கரை சேர்ந்தோம். திராட்சைத் தோட்டங்களுக்கு மேலே மடம் தெரிந்தது. வினவிய சிறுமிதான் முதலில் கண்டாள்.